பிரிக்காமல் வந்த கடிதம்

லிஃப்ட் பழுதாகி நின்ற மறுவாரமே தலைவரம்மா டீ குடிப்பதை விட்டுவிட்டார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆபீஸில் மற்றவர்கள் வேண்டுமென்றால் தாங்களே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். அம்மாவுக்கு மட்டும்தான் மணியக்கா கீழே கடைக்குப் போய் பிளாஸ்கில் வாங்கி வந்து கொடுப்பாள், காலையில் ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம். நம் கையால் கொடுத்தது அந்த உடம்புக்கு ஆகாமல் போய்விட்டதே என்று அவளுக்கு ஒரு குறை. ஆனாலும் முட்டி வலியோடு மூன்று மாடி இறங்கி ஏறுகிற பாடு ஒழிந்ததே என்று கடவுளுக்கு மனசுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது, எதிர்ச்சாரி டீக்கடையில் தலைவரம்மா நிற்பதைப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலகையில் காலி டம்ளர் ஒன்று. அது இரண்டாவது டீ. நாள் முழுக்கத் தவித்த தவிப்பு அந்தக் குடியிலேயே தெரிந்தது. மணியக்கா நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் மறைவில் ஒதுங்கிக்கொண்டு, அம்மா போன பிறகுதான் பஸ் ஏறினாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசிச் சந்திப்பு வரைக்கும் அது அப்படியே இருந்தது.

அந்த மூன்றாவது மாடியில் இருந்தது சமத்துவ, மனித உரிமை ஆணையம். இன்னார் என்று தெரிந்ததும் வாடகை வீட்டுக் கதவு சாத்தப்பட்டவர்கள், வயிற்றில் பிள்ளை வந்ததால் வேலை போனவர்கள், சக்கர நாற்காலியைக் கண்டதும் பஸ் நிற்காமல் போய்விட்டவர்கள், இப்படிப்பட்டவர்கள் மனுக் கொடுக்கிற இடம். ஏழு பேர் கொண்ட குழு உட்கார்ந்து விசாரிக்கும். அந்த ஏழு பேருக்கும் தலைவர் இந்த அம்மா. கீழே வாசலில் வாட்ச்மேன், மனுவும் கையுமாக வருகிறவர்களிடம், "சமத்துவம் மூணாவது மாடில இருக்கு. நின்னு நின்னு ஏறுங்க" என்று சொல்லி அனுப்புவான். முகத்தில் சிரிப்பே இருக்காது. கட்டடம் வேறு இலாகாவுடையது. லிஃப்டுக்காக அம்மா அவர்களுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ஒரு ஃபைலாகத் தடித்துப்போயிருந்தன. ஏறவே முடியாதவர்கள் வந்தால் அம்மாவே இறங்கி வந்து வாட்ச்மேன் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பார்.

மணியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. குழு கூடும்போது கதவருகே நின்று பித்தளை மணியை ஆட்டிவிட்டு, மனுதாரர் பெயரையும் எதிர்மனுதாரர் பெயரையும் மூன்று தரம் கூப்பிடுவது அவள் வேலை. அதனால் வந்த பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். யாருடைய பெயரும் வாயில் உடைந்துவிடக் கூடாதே என்று முதல் நாளே பட்டியலை வாங்கிப்போய், வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்து வைத்துக்கொள்வாள். "அத்தை பரீட்சைக்குப் படிக்கிறாங்க, டிவியக் குறைங்க" என்று மருமகள் கிண்டல் செய்வாள்.

அம்மா அதற்கு முன் முப்பது வருஷம் தொழிலாளர் துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஆலை ஆலையாக ஏறி இறங்கிய கால். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்று பார்த்தபோது இந்த நாற்காலி வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஐந்தரை ஆனால் போன் செய்வார். மணியக்கா எடுத்தால், "ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லி முடிச்சாச்சுன்னா, இந்த ஏழை மனுவையும் கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா. காலைலேருந்து தனியா உக்காந்திருக்கேன்" என்பார்.

முதல் வருஷம் அம்மா ஒவ்வொரு ஃபைலையும் கடைசித் தாள் வரை படித்தார். மனுக்கள் குறையவில்லை, கூடின. மேஜையில் இந்தப் பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் ஏறும். கண் எரிகிறது என்பார், கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவார். கையெழுத்துப் போட்டுப் போட்டு மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டிக்கொண்டார். ஆபீஸில் அவருக்குக் 'கையெழுத்தம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. மனு வந்ததும் விவரம் கேட்டுக் கடிதம் போகும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும். அப்படி முடித்தவையும் ஒவ்வொன்றாக அம்மாவிடம் வந்துதான் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் வருஷம் ஒரு நாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "பதில் வராததை எல்லாம் ஒரே பட்டியலா போட்டுக் கொண்டாங்க. கடைசித் தாள்ல ஒரு கையெழுத்து போட்டுடறேன்" என்றார். ஆபீஸே மூச்சு விட்டது. அதிலிருந்து மாதம் ஒரு தரம், கூட்டம் முடிந்து எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிற நேரத்தில் பட்டியல் வரும். எண்பது பெயர் இருக்கும், தொண்ணூறு பெயர் இருக்கும். அம்மா கடைசித் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

டெலிபோன்காரர் முதல் தடவை வந்தது அந்தக் காலத்தில்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் டெலிபோன் இணைப்புக் கொடுத்தவர். அங்கே புது இயந்திரம் வந்து அது தானே பேச ஆரம்பித்தது. அவரோடு இருந்த கண் தெரிந்த மூன்று பேருக்கு வேறு வேறு இடத்தில் வேலை கொடுத்தார்கள். இவரிடம் மட்டும், "நீங்க எதுக்குக் கஷ்டப்படணும், வீட்ல இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷமும் தனக்கு வேலை வேண்டும் என்பதுதான் மனு.

மணியக்காதான் கையைப் பிடித்து மாடி ஏற்றினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறுவது அவள் வழக்கம். "ஆறு தரம் கூப்பிட்டுட்டீங்களே, ஒரு தரமாவது லைன் கிடைச்சுதா?" என்று அவர் கேட்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதிவேட்டு கிளார்க்கிடம் அவர் தெளிவாகச் சொன்னார், கடிதம் போடாதீர்கள், வீட்டில் நானும் அக்காவும்தான், அக்காவுக்கும் படிப்பு கிடையாது, எதுவானாலும் போனில் சொல்லுங்கள் என்று. கிளார்க் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பெயருக்குக் கட்டம் இருந்தது, விலாசத்துக்குக் கட்டம் இருந்தது, தேதிக்கு இருந்தது. போனில் சொல்லுங்கள் என்பதை எழுதக் கட்டம் இல்லை. பார்க்கலாம் என்று சொல்லி மூடிவைத்தார்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை போட்டுவைக்கலாம் என்று மணியக்கா அன்று சாயங்காலம் உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மா மேஜை மேல் கையை மடித்து, அதில் தலையை வைத்துப் படுத்திருந்தார். கண்ணாடி விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு அது மறந்தே போயிற்று.

ஏழு மாதம் கழித்து டெலிபோன்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு தானே ஏறி வந்துவிட்டார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. என் மனு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். கிளார்க் தேடிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு லெட்டர் போட்டோமே சார். நீங்கதான் பதில் போடல. முடிச்சாச்சு" என்றார்.

அவர் பையில் கைவிட்டு ஒரு கடிதத்தை எடுத்தார். ஓரம்கூட மடங்கவில்லை. பிரிக்கவே இல்லை.

"வந்துது. யாரையாவது பிடிச்சுப் படிச்சுக் கேக்கலாம்னு பார்த்தேன். நம்ம வழக்கு, அக்கம்பக்கத்துல எதுக்குன்னு விட்டுட்டேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே சொல்லுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அம்மா அப்போதுதான் கை கழுவிவிட்டு அந்த வழியாக வந்தார். நின்றார். கடிதத்தை வாங்கிப் பிரித்து, அவருக்குக் கேட்கும்படி நிதானமாகப் படித்தார். முப்பது நாளில் பதில் தராவிட்டால் என்ற வரி வந்ததும் குரல் ஒரு கணம் நின்று, பிறகு முழுவதும் படித்து முடித்தது. பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து மாதத்துக்கு முந்தைய பட்டியல். நாற்பத்தோராவது பெயர் அவருடையது. கடைசித் தாளில் அம்மாவின் கையெழுத்து. மணியக்காவுக்கு அன்று குறைத்த ஃபேன் நினைவுக்கு வந்தது.

ஆணையத்தின் சட்ட அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். இதற்கு வழி இருக்கிறது என்றார். மனுதாரர், தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று ஒரு மனு எழுதித் தரட்டும். குழு கருணையோடு பார்த்துத் திறக்கும். ஆணையத்தின் மேல் தப்பு என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை.

டெலிபோன்காரர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "எழுதித் தரேன் சார். ஆனா அதை எழுதவும் ஒரு ஆள் பிடிக்கணும். பொறுத்தருளணும்னா, நான் என்ன தப்பு பண்ணேன்னு எழுதட்டும்?"

சட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க எதுவும் எழுத வேண்டாம்" என்றார் அம்மா. "நான் எழுதறேன்."

வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார். பார்வை இல்லாத ஒருவருக்கு அச்சடித்த கடிதம் அனுப்பி, அதற்குப் பதில் வரவில்லை என்று அவர் மனுவை மூடியது சமத்துவம் இல்லை என்று எழுதினார். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் தன்னுடைய பதவியை எழுதி, அதன் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். படித்துக் காட்டி, அவர் விரலைப் பிடித்து இடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார். விஷயம் மத்தியானத்துக்குள் கீழே போய்விட்டது. "எதிராளியே மனு எழுதிக் குடுக்கற ஆபீஸ் உலகத்துல வேற எங்கேயாவது உண்டா" என்றான் வாட்ச்மேன். அன்றைக்கும் அவன் சிரிக்கவில்லை.

அந்த ஆணையத்தில் மனுதாரரும் எதிர்மனுதாரரும், எவ்வளவு பெரிய மனிதரானாலும், கூப்பிடும் வரை வெளியே மரப்பெஞ்சில்தான் உட்கார வேண்டும். விசாரணை நாளில் தலைவரம்மாவும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் டெலிபோன்காரர். யார் என்று தெரிந்துகொண்டதும், "உங்க எக்ஸ்டென்ஷன் எத்தனை மேடம்?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றார் அம்மா. "பன்னெண்டு" என்று அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவரும் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். இரண்டு பேருக்குமே அலுப்பாக இருந்தது.

மணியக்கா மணியை ஆட்டினாள். மனுதாரர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டாள். அடுத்த பெயருக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக 'அம்மா' என்று மட்டும் கூப்பிட்ட வாய். உள்ளேயிருந்து எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அம்மா பெஞ்சிலிருந்து நிமிர்ந்து, கூப்பிடுங்க என்பதுபோல் தலையை அசைத்தார். கூப்பிட்டாள், மூன்று தரமும்.

அம்மாவின் நாற்காலியில் அன்று ஜட்ஜய்யா உட்கார்ந்திருந்தார். குழுவில் மூத்தவர், ஓய்வு பெற்ற நீதிபதி. சட்ட அதிகாரி எழுந்து, போனில் சொல்லச் சொன்னதாக மனுதாரர் சொல்கிறாரே தவிர பதிவேட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். கிளார்க் தனக்கு நினைவில்லை என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, குடும்பஸ்தர். எழுத்தில் இல்லாததைக் குழு எப்படி எடுத்துக்கொள்வது என்று ஜட்ஜய்யா பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் விஷயம் முடிந்தது என்று மணியக்காவுக்குத் தெரியும். முடிந்தால் டெலிபோன்காரர் இறங்கிப் போய்விடுவார். மிச்சம் இருக்கிற வருஷங்களும் அக்காவோடு வீட்டில் உட்கார்ந்து போய்விடும்.

கதவருகே நின்றபடி, "நான் கேட்டேன் ஐயா" என்றாள். மணியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "லெட்டர் போடாதீங்க, போன்ல சொல்லுங்கன்னு அவர் சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஜட்ஜய்யா அவளைப் பார்த்தார். கேட்டிருந்தால் ஏன் தலைவரிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாத வாய். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொல்லலாம்னுதான் போனேன். அம்மா ரொம்பக் களைச்சுப் போய்ப் படுத்திருந்தாங்க. எழுப்ப மனசு வரல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா பக்கம் பார்க்கவே பயந்தாள். அம்மா எழுந்து நின்றார்.

"அவங்க சொல்றது சரி. களைப்புதான். ஃபைலைப் படிக்க அலுத்துப்போய்ப் பட்டியல் போடச் சொன்னதும் நான்தான். அதை எழுதிக்குங்க."

ஜட்ஜய்யா பேனாவைத் திறந்தார். ஆறு பேரில் நாலு பேர் திறக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மனு திறக்கப்பட்டது. அந்தப் பட்டியல்களில் மூடிய மற்ற மனுக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

ஆனால் விதிப்புத்தகத்தில் இன்னொரு வரி இருந்தது. தவறு தன்னுடையது என்று உறுதியான ஒருவர் அந்தத் தலைமை நாற்காலியில் தொடரக் கூடாது. அதைச் சேர்க்கச் சொன்னதே அம்மாதான், முதல் வருஷம், உடம்பில் தெம்பு இருந்தபோது. பதவி முடிய ஐந்து மாதம் இருக்கையில் கைப்பையோடு இறங்கிப் போனார். மணியக்கா வாசல் வரை கூடப் போனாள். என் வாயால் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதாள். அம்மா அவள் தோளைத் தட்டி, இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்று ஐந்தரைக்கு மேஜை போன் அடிக்கவில்லை. அவளுக்கு அது என்னவோ போல் இருந்தது.

டெலிபோன்காரர் வழக்கு அதற்குப் பிறகும் பதினொரு மாதம் ஓடியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். கடைசியில் உத்தரவு வந்தது. அம்மாவுக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்று ஜட்ஜய்யா சொன்னார். தபாலில் போடக் கவரை எடுத்த கிளார்க், கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களே கொண்டு குடுத்துடுங்க அக்கா" என்று அவள் கையில் கொடுத்தார்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ரத்தத்தில் ஏதோ வியாதி என்றார்கள். தரையோடு தரையாக இருந்த சின்ன வீடு. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "வாம்மா. ஊர் நியாயம் எல்லாம் முடிச்சு என் மனுவைக் கையில எடுத்தா, பாரு, எடுத்த கையோட படுத்துட்டா" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

அம்மா பாதியாகிப் போயிருந்தார். உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்தில் கண் நிற்கவில்லை. திருப்பிக் கொடுத்து, "படிங்க மணி" என்றார்.

"எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும் அம்மா."

"எனக்கு அவசரம் இல்ல."

படித்தாள். நான்கு பக்கம். பெரிய வார்த்தைகளில் இடறி, திரும்பப் போய், விரல் வைத்து எழுத்துக்கூட்டி, ஒரு வரியும் விடாமல் படித்தாள். மனுதாரரை ஆஸ்பத்திரியின் விசாரணை முகப்பில் முழு மரியாதையோடு மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும் என்று அதில் இருந்தது. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம்தான் பாக்கி. பாதி போய்விட்டது. பாதி கிடைத்தது. முடிப்பதற்குள் வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டது. அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தாள்.

"அவருக்குச் சொல்லிட்டாங்களா?"

"போன்ல சொல்லியாச்சு அம்மா. நானே பேசினேன். திரும்ப அவரே கூப்பிட்டு எக்ஸ்டென்ஷன் பன்னெண்டு வேணும்னு கேட்டாரு. அவங்க இப்ப இங்க இல்லன்னேன்."

"என்ன சொன்னார்?"

"லைன்ல காத்திருக்கேன், அவசரம் இல்லன்னாரு."

அம்மாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. பேசினது அவ்வளவுதான், அதற்கே மூச்சு வாங்கியது. மணியக்கா அவர் நெற்றியில் கைவைத்து, மனசுக்குள் ஒரு பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு, வரேன் அம்மா என்று எழுந்தாள். கதவு வரை போனவளை அந்தக் குரல் நிறுத்தியது.

"டீ குடிச்சுட்டுப் போங்க மணி. இங்க மாடிப்படி இல்ல."